பூகம்பமும் பாவக் கணக்கும்

பிஜித் தீவுகளுக்குத் தெற்கே, கடலுக்கு அடியில், 550 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு பூமியதிர்ச்சி ஏற்பட்டதென்றும், அதன் அளவு 4.5 என்றும், சேதம் ஒன்றும் இல்லையென்றும் மூன்று வரிச் செய்தி அடிக்கடி வருவதுண்டு. பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் இதைப் போடுவதே இல்லை. போட்டாலும், பக்கத்தின் மூலையில் இடம் காலியாயிருந்தால் போடுவார்கள். படிப்பவர்களும் அதைத் தாண்டி அடுத்த சங்கதிக்குப் போய்விடுவார்கள். வீடு இடியவில்லை, ஆள் சாகவில்லை, ஆடு மாடுகூடத் திடுக்கிடவில்லை என்றால் அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

நாமோ அந்த மூன்று வரிச் செய்தியைப் பற்றித்தான் இன்று தலையங்கம் எழுதத் துணிகிறோம். ஏனெனில், ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்று குவித்த பெரிய பூகம்பங்களைவிட, ஒருவரையும் ஒன்றும் செய்யாத இந்தச் சின்னப் பூகம்பம்தான், நம் ஜனங்களின் மூளையில் வெகுகாலமாய் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு பெரும் பொய்க்குச் சரியான பதில் சொல்லுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

அந்தப் பொய் என்னவென்றால், பூமி அதிர்வது மனிதர்கள் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுக்கும் தண்டனை என்பதேயாகும். இப்படிச் சொல்லுகிறவர்கள் எழுத்து வாசனையில்லாத பாமரர்கள் மாத்திரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உலகம் போற்றும் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. முங்கேர் பட்டணம் தரைமட்டமாயிற்று. முசபர்பூர், தர்பங்கா ஜில்லாக்களில் வயல்கள் வெடித்து, மணலும் தண்ணீரும் பீறிட்டுக் கிளம்பின. பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அது நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜனவரி 24ஆம் தேதி நம் திருநெல்வேலியில் பேசிய காந்தியார், தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

தீண்டாமை பாவம் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. பாவம் என்ற சொல்கூட அதற்குப் போதாது என்பதே நமது கட்சி. ஆனால், தீண்டாமை எந்த மூலையில் அதிகமோ அந்த மூலையை விட்டுவிட்டு, பீகாரில் வண்டல் மண்ணின்மேல் மண் சுவர் வைத்துக் குடியிருந்த ஏழைகளின் தலையில் கூரையைத் தள்ளுவது எந்த ஊர் நியாயம்? செத்தவர்களில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் யாரைத் தீண்டாமலிருந்த குற்றத்துக்காகச் செத்தார்கள்?

தாகூர் அப்போதே இதைக் கண்டித்து எழுதினார். இயற்கையில் நடக்கும் காரியத்துக்கும் மனிதனுடைய நல்லொழுக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது அறிவுக்குப் பொருந்தாது என்றார். அதோடு, இந்த வாதம் காந்தியாரைவிட அவருடைய எதிரிகளுக்கே நன்றாய் உதவும். அவர்கள் இதே பூகம்பத்தைக் காட்டிக் காந்தியாரையும் அவர் கூட்டத்தாரையுமே குற்றவாளிகள் ஆக்கிவிடலாம் என்றும் எச்சரித்தார். அதுதான் இந்த வாதத்திலுள்ள பெரிய மோசம். தண்டனை என்று ஒப்புக்கொண்டுவிட்டால், குற்றம் இன்னதென்று யார் வேண்டுமானாலும் தமக்குச் சௌகரியமானபடி எழுதிக் கொள்ளலாம்.

எழுதியும் கொண்டார்கள். 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி ஹெய்ட்டி நாட்டில் 7.0 அளவுள்ள பூகம்பம் வந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, அமெரிக்காவில் டெலிவிஷன் மூலம் பிரசங்கம் செய்துவந்த பாட் ராபர்ட்ஸன் என்பவர், அந்த ஜனங்களுடைய முன்னோர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெறுவதற்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டதால் வந்த கேடு என்று விளக்கம் சொன்னார். தோழர்களே! அந்த முன்னோர்கள் செய்த குற்றம் என்ன? அடிமைகளாயிருந்தவர்கள் விலங்கை உடைத்துக்கொண்டு 1804இல் சுதந்திர நாடு கண்டார்கள். அடிமை வைத்திருந்தவனுக்குப் பூகம்பம் வரவில்லை. விலங்கை உடைத்தவனுடைய பேரன் பேத்திகளுக்குத்தான் பூகம்பமாம்! ஒருவர் தீண்டாமைக்குத் தண்டனை என்கிறார். இன்னொருவர் விடுதலைக்குத் தண்டனை என்கிறார். இரண்டு பேருக்கும் சாட்சி ஒன்றுதான். அது வாய் பேசாத பூமி.

ஆகவேதான் நாம் இந்த வழக்கில் வேறொரு சாட்சியைக் கூப்பிடுகிறோம். அது பிஜிக்குத் தெற்கே ஆழத்தில் நடந்த அந்தச் சின்னப் பூகம்பம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுவோம். பிஜி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1879 முதல் 1916 வரையில் ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பிஜிக்குக் கிழக்கே டோங்கா என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. டோங்காவுக்கும் கிழக்கே கடலடியில் ஒரு நீண்ட பள்ளம். அதன் மிக ஆழமான இடம் ஏறக்குறைய 10,800 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தையே தூக்கி அதற்குள் வைத்தாலும், அதன் தலைக்குமேல் ஒரு மைலுக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும்.

பூமியின் மேலோடு ஒரே துண்டல்ல, பல துண்டுகளாயிருக்கிறது. அத்துண்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பசிபிக் கடலின் அடியிலுள்ள பெரிய துண்டு மேற்கு நோக்கி வந்து, டோங்காப் பள்ளத்தில் தலை குனிந்து பூமிக்குள்ளே இறங்குகிறது. அந்தப் பள்ளத்தின் வடகோடியில் இரண்டு துண்டுகளும் ஆண்டுக்குச் சுமார் 24 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒரு சாண்தானா என்று இளப்பமாய் நினைக்க வேண்டாம். நெருங்குவது வண்டிச் சக்கரமல்ல, கடலடி முழுவதும்! அப்படி இறங்கும் ஓடு எங்கெங்கே முறுக்கேறி வழுக்குகிறதோ அங்கங்கே பூமி அதிர்கிறது. பள்ளத்தின் பக்கத்தில் அதிர்ச்சி மேலாக இருக்கும். மேற்கே பிஜிப் பக்கம் போகப் போக, படிக்கட்டில் இறங்குவதுபோல ஆழம் அதிகமாகும். உலகத்தில் உண்டாகும் மிக ஆழமான பூகம்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு பிரதேசத்திலேயே நடக்கிறது.

550 கிலோமீட்டர் ஆழம் என்றால் எவ்வளவு? சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்கோடு கிழித்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு. அந்தக் கோட்டை அப்படியே செங்குத்தாகப் பூமிக்குள் இறக்கிப் பாருங்கள். மனிதன் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் தோண்டியது. அது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது, சென்னையில் புறப்பட்டவன் இன்னும் தாம்பரத்தைக்கூடத் தாண்டவில்லை!

அவ்வளவு ஆழத்தில் 4.5 அளவில் ஓர் அதிர்ச்சி நடந்தால் மேலே யாருக்குத் தெரியும்? கருவிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. உலகம் முழுவதும் கணக்கெடுத்தால் 4க்கும் 5க்கும் இடைப்பட்ட பூகம்பங்கள் ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நடக்கின்றன. மிகப் பல ஆளில்லாக் கடலின் அடியில்தான்.

இப்போது பாவக் கணக்கு எழுதுகிற பண்டிதர்களை நாம் கேட்கிறோம். 550 கிலோமீட்டர் ஆழத்தில் யார் குடியிருக்கிறார்கள்? அங்கே எந்த ஜாதியார் எந்த ஜாதியாரைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தார்கள்? எந்த விதவை மறுமணம் செய்துகொண்டாள்? எந்தக் கோவிலில் பூசை நின்றுபோயிற்று? ஒரு குற்றவாளியும் இல்லாத இடத்தில், ஒருவரும் பார்க்காத வேளையில், ஒருவருக்கும் வலிக்காதபடி திரும்பத் திரும்பப் பிரம்பால் அடித்துக் கொண்டிருக்கும் உபாத்தியாயரைக் கண்டால் உலகம் அவரை என்னவென்று சொல்லும்? கடவுளுக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுப்பது நாமல்ல. பூகம்பம் தண்டனை என்று சொல்லுகிற பக்தர்களே.

சிறியது ஆகையால் கடவுள் கவனிக்கவில்லை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். சரி, பெரியதையே பார்ப்போம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் தேதி அதே பிஜிக் கடலில் சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில் 8.2 அளவுள்ள பூகம்பம் நடந்தது. 4.5 அளவுள்ளதைவிட அது வெளிவிட்ட சக்தி ஏறக்குறைய மூன்றரை லட்சம் மடங்கு. ஹெய்ட்டியை அழித்ததைவிட அறுபது மடங்கு. ஆயினும் பெருஞ்சேதம் ஒன்றும் இல்லை. 2015ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி ஜப்பானுக்குத் தெற்கேயுள்ள ஒகசவராத் தீவுகளின் அடியில், 650 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஏறக்குறைய 7.9 அளவில் ஒன்று நடந்தது. ஜப்பானின் 47 மாகாணங்களிலும் அது தெரிந்தது. சிலருக்குக் காயம்பட்டதோடு சரி. ஆகவே கொல்லுவது கோபத்தின் அளவு அல்ல. ஆழமும், தூரமும், மண்ணின் தன்மையும், நாம் கட்டிய சுவருமே கொல்லுகின்றன என்பது வெளிப்படை.

நிற்க, பூமி ஏன் அதிர்கிறது என்பதற்கு நம் பெரியவர்கள் சொல்லிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆதிசேஷன் ஆயிரம் தலையால் பூமியைத் தாங்குகிறான். தலை நோகும்போது மாற்றிக் கொள்ளுகிறான். அப்போது பூமி குலுங்குகிறது. ஜப்பானியர்கள் மண்ணுக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் கிடப்பதாகவும், அது வாலை அடித்தால் பூகம்பம் வருவதாகவும் நம்பினார்கள். டோங்கா ஜனங்களோ, மாவி என்ற தேவன் பூமிக்கு அடியில் படுத்து அதைத் தாங்குகிறான், அவன் புரண்டு படுக்கும்போது தரை ஆடுகிறது என்று நம்பினார்கள். 1806 முதல் 1810 வரை அங்கே வாழ்ந்த வில்லியம் மாரினர் என்ற ஆங்கிலேய வாலிபர் சொன்னதைக் கொண்டு 1817இல் வெளியான நூலில் இது இருக்கிறது. பூமி ஆடும்போது ஜனங்கள் பெருங்கூச்சல் போட்டு, தரையைத் தடியால் அடித்து, அவனைச் சும்மா கிடக்கச் சொல்லுவார்களாம்.

இவர்களை நாம் கேலி செய்ய வரவில்லை. கருவி இல்லாத காலத்தில், கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்தார்கள். பாம்பு கண்ட நாட்டில் பாம்பு. மீன் தின்னும் நாட்டில் மீன். அது குழந்தைப் பருவத்து ஆராய்ச்சி. ஆனால் பூமி ஒன்றாயிருக்க, தாங்குகிறவர்கள் மூன்று பேராயிருந்தால், ஒருவருடைய எல்லை எங்கே முடிந்து அடுத்தவருடைய எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு நாளாவது கேட்க வேண்டாமா? கதை சொன்ன பாட்டனைக் குற்றம் சொல்ல முடியாது. டெலிவிஷனும் ஆகாய விமானமும் வந்தபிறகும் அதையே கட்டிக்கொண்டு அழுகிற பேரனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அஸ்ஸாமில் பெரும் பூகம்பம் வந்தது. இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் இருந்த ஓல்டம் என்பவர், ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் அந்த அதிர்ச்சி எப்படிப் பதிந்தது என்று ஆராய்ந்து, பூகம்பத்திலிருந்து மூன்று விதமான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று பிரித்துக் காட்டினார். 1922இல் ஆக்ஸ்போர்டில் இருந்த டர்னர் என்பவர், சில பூகம்பங்களின் அலைகள் கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு வராததைக் கண்டு, அவை மிக ஆழத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றார். பலர் நம்பவில்லை. 1928இல் ஜப்பானில் வடாட்டி என்பவர் தம் நாட்டு நிலையங்களின் பதிவுகளை வரிசையாக வைத்து அதை நிரூபித்தார். ஒருவரும் யாகம் செய்யவில்லை, அசரீரி கேட்கவில்லை. நேரத்தை எழுதிவைத்தார்கள், கழித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆழம் தெரிவது எப்படி என்பதும் பெரிய மந்திரமல்ல. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வர எத்தனை நேரம் ஆகிறதென்று பார்த்து ஆழத்தை மதிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். பூகம்பத்திலிருந்து ஓர் அலை நேரே கருவிக்கு வருகிறது. இன்னோர் அலை முதலில் மேலே போய்ப் பூமியின் மேற்பரப்பில் மோதித் திரும்பி, பிறகு கருவிக்கு வருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அதைக் கொண்டு ஆழம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

விஞ்ஞானிகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா என்றால், இல்லை. அவர்களே இல்லை என்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய இரண்டு லட்சம் மடங்கு அழுத்தம் இருக்கிறது. அங்கே பாறை சாதாரணமாய் உடைய முடியாது. பாகுபோல வளைந்து கொடுக்க வேண்டும். பின் ஏன் உடைகிறது? கொதிக்கிற குழம்பில் போட்ட பெரிய கருணைக்கிழங்குத் துண்டு வெளியே வெந்தும் உள்ளே வேகாமலிருப்பதுபோல, உள்ளே இறங்கும் பழைய ஓட்டின் நடுப்பாகம் சூடேறாமல் இருக்கிறது என்றும், அதிலுள்ள ஒலிவின் என்ற கனிமம் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வேறு உருவமாக மாறும்போது பாறை வழுக்குகிறது என்றும் ஒரு கொள்கை இருக்கிறது. வேறு கொள்கைகளும் இருக்கின்றன. இன்னும் பரீட்சை செய்து கொண்டிருக்கிறார்கள். சுமார் 700 கிலோமீட்டருக்குக் கீழே பூகம்பம் ஏன் நின்றுபோகிறது என்பதும் இந்த ஆராய்ச்சியோடு சேர்ந்ததே. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுவதுதான் யோக்கியமான அறிவு. பாவம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுகிறவனுக்கு மேற்கொண்டு தேடவேண்டிய வேலையே இல்லை. அதுதான் ஆபத்து.

ஆபத்து என்று நாம் சொல்லுவது வெறும் பேச்சல்ல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சுமத்திராவின் பக்கத்துக் கடலில் 9.1 அளவுள்ள பூகம்பம் நடந்தது. ஆழம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆகையால் கடலடியே தூக்கிப் போடப்பட்டு, ஆழிப்பேரலை எழுந்தது. அந்த அலை நம் கடற்கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! நாகப்பட்டினத்துக் குப்பத்தில் ஒரு கிழவிகூட மெதுவாய் நடந்து மேட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சொல்லுவதற்கு ஓர் ஏற்பாடும் இந்துமகா சமுத்திரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மீன்பிடிக்கும் ஏழைகள். பெண்களும் குழந்தைகளும் அதிகம். அவர்களைப் பாவிகள் என்று சொல்லுகிறவன், அலை கொன்றவர்களை இரண்டாந்தரம் கொல்லுகிறான்.

அதற்குப் பிறகுதான் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டு, 2007 அக்டோபரில் வேலை தொடங்கியது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி அதே பக்கத்தில் 8.6 அளவுள்ள பூகம்பம் வந்தபோது, எச்சரிக்கை வந்தது. ஜனங்கள் கரையைவிட்டு விலகினார்கள். பேரலை வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பினார்கள். இந்த நிலையங்கள் எவ்விதம் முடிவு செய்கின்றன? அளவையும் ஆழத்தையும் பார்த்துத்தான். 600 கிலோமீட்டர் ஆழம் என்றால், படுத்துத் தூங்கலாம். 30 கிலோமீட்டர் என்றால், எழுந்து ஓட வேண்டும். ஆழப் பூகம்பத்தை அன்றைக்கு வேலையற்றவர்கள்போல உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களால்தான், இன்று குப்பத்து ஜனங்கள் எதற்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம் என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

கட்டட விஷயமும் அப்படியே. ஹெய்ட்டி பூகம்பம் நடந்து ஆறு வாரத்தில், 2010 பிப்ரவரி 27ஆம் தேதி, சிலி நாட்டில் 8.8 அளவுள்ள பூகம்பம் வந்தது. ஹெய்ட்டியைவிட அது வெளிவிட்ட சக்தி சுமார் 500 மடங்கு. செத்தவர்களோ ஐந்நூற்றுச் சொச்சம். சிலிக்காரர்களும் அதே ஏசுவையும் மாதாவையும் கும்பிடுகிறவர்கள்தான். வித்தியாசம் கும்பிட்டதில் இல்லை. 1960இல் 9.5 அளவுள்ள பூகம்பத்தில் அடிபட்ட அந்த நாட்டார், வீடு இப்படித்தான் கட்டவேண்டும் என்று சட்டம் செய்து, அதன்படி கட்டினார்கள். ஹெய்ட்டி ஜனங்களுக்கு அந்தச் சட்டமும் இல்லை, கம்பிக்கும் சிமெண்டுக்கும் காசும் இல்லை. காசு ஏன் இல்லை என்று கேட்டால் விடை பூமிக்கு அடியிலிருந்து வராது. பூமியின்மேல் மனிதனை மனிதன் நடத்திய விதத்திலிருந்துதான் வரும். பாவம் என்று ஒன்று இருக்குமானால் அது அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளிகள் பெயரும் ஊரும் உள்ள மனிதர்கள். அவர்களைத் தப்பவிடுவதற்குத்தான் கடவுள் தண்டனை என்ற பேச்சு உபயோகப்படுகிறது.

ஆகவே, வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இதுதான். இனிமேல் பத்திரிகையின் மூலையில், தொலைதூரத் தீவுக்குப் பக்கத்தில், இத்தனை கிலோமீட்டர் ஆழத்தில், சிறு பூகம்பம், சேதமில்லை என்று மூன்று வரி கண்டால் தாண்டிப் போகாதீர்கள். எழுத்துத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இது யாருடைய பாவத்துக்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரிப்பாரானால், அடுத்த தடவை எங்கேயாவது பெரிய பூகம்பம் வந்து ஜனங்கள் மடியும்போது, செத்தவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்கமாட்டார். சுவர் ஏன் இடிந்தது, எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும்.